ஈரம் போக எவ்வளவு?

டீக்கடைப் பெஞ்சில் யாராவது "சாய் சுதர்சன் எண்பத்தேழு அடிச்சிருக்கான்" என்று வாயைத் திறந்தால் போதும், மரக்காணத்துக் கழிவுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். "எதிர்ல யாரு, வெஸ்ட் இண்டீஸுதானே? முப்பது கழிச்சுடு பா. டெல்லி பிட்ச்சு, அதுக்கு ஒரு இருபது. மீதி முப்பத்தேழு. இதுக்கா இந்த ஆட்டம்?" ஈர உப்பை எடை போட்டு வாங்குகிறவர் ஈரத்துக்கென்று கொஞ்சம் தள்ளிக்கொள்வதில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தை உப்பளத்தோடு விட்டுவிடாமல் கிரிக்கெட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தவர் இவர். 2025 ஐ.பி.எல்.லில் அந்தப் பையன் 759 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கினான். இவர் கணக்கில் அகமதாபாத் ஆடுகளத்துக்கு ஒரு நூறு, எதிர்முனையில் கில் நின்றதற்கு ஒரு நூறு, இம்பாக்ட் பிளேயர் விதிக்கு நூற்றைம்பது, சின்ன எல்லைக்கோட்டுக்கு இன்னொரு நூறு. மீதம் 309. மறுநாள் கேட்டால் 250 ஆகியிருக்கும். குவித்து வைத்த உப்பு ராத்திரியிலும் காயும் போலிருக்கிறது.

கழிப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. இம்பாக்ட் பிளேயர் விதி 2023-ல் வந்த பிறகு ஐ.பி.எல். ஸ்கோர்கள் ஊதிப் பெருத்துவிட்டன; அங்கே அடிக்கிற ஐம்பதும் டெஸ்ட்டில் அடிக்கிற ஐம்பதும் ஒரே எடை இல்லை. கழிவுக்காரரின் கோளாறு வேறு. அவருடைய தராசு ஒரு பக்கம் மட்டும்தான் சாயும். 2025 ஜூனில் லீட்ஸில் சுதர்சன் ஆடிய முதல் டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில், லெக் பக்கம் போன ஸ்டோக்ஸின் பந்து மட்டையில் உரசி, நாலே பந்தில் பூஜ்யம். கழிவுக்காரர் அந்தப் பூஜ்யத்தை அப்படியே முழுசாக வாங்கிக்கொண்டார். ரன்னுக்கு ஈரம் உண்டு, பூஜ்யத்துக்குக் கிடையாதாம். மான்செஸ்டரில் 151 பந்து நின்று எடுத்த 61-க்கு, இங்கிலாந்து ஆடுகளம், மேகமூட்டம் என்று ஐந்து ரன்னாவது கூட்டிக் கொடுத்தாரா என்றால், அவரிடம் கூட்டலே கிடையாது. நாலு கணக்கில் ஒரு கணக்கு மட்டும் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவர் மாதிரி.

"சரி, கழிக்கவே வேண்டாம். ஆறு டெஸ்ட், பதினொரு இன்னிங்ஸ், 302 ரன், சராசரி இருபத்தேழரைகூட இல்லை. இதுக்கு என்ன சொல்ற?" என்று அவர் கேட்டால், அதற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். 2025 முடிய உள்ள கணக்கு அதுதான். மூன்றாவதாக இறங்குகிறவனுக்கு அது போதாது. மூடி மறைத்துப் பிரயோசனம் இல்லை. ஆனால் அந்த 302-க்குள் குவாஹாட்டியில் எடுத்த 14-ம் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா வைத்த இலக்கு 549. அதை எட்டுவது யாராலும் ஆகாது. விக்கெட்டைக் கொடுக்காமல் பொழுதைத் தள்ளுவது ஒன்றே பாக்கி. மொத்த அணியும் 140-க்குச் சுருண்டு 408 ரன்னில் தோற்ற அந்த இன்னிங்ஸில் இவன் 139 பந்து நின்றான். இருபத்து மூன்று ஓவருக்கும் மேல். அன்றைக்கு ரன்னுக்கு விலையே இல்லை, பந்துக்குத்தான் விலை. சராசரி என்கிற தராசில் பந்தை வைக்க இடம் இல்லாததால், அது தோல்விக் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பொறுமை என்றால் என்ன என்பது மரக்காணத்துக்காரருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கடல்தண்ணீர் உப்புச்செறிவு மூன்று டிகிரியில் வந்து, பாத்தி பாத்தியாக ஏறி, வெயிலில் சுண்டி, இருபத்தைந்து டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு பூக்கும். பத்து டிகிரியில் பாத்தியை எட்டிப் பார்த்து "ஒண்ணும் தேறாது" என்று மடையைத் திறந்துவிடுகிற ஆள் இந்தக் கரையில் இல்லை. தண்ணீருக்குக் கொடுக்கிற தவணையை மனுஷனுக்குக் கொடுக்க மட்டும் மனசு வருவதில்லை. டிராவிட்டின் முதல் சதம் ஒன்பதாவது டெஸ்ட்டில். கிரஹாம் கூச் முதல் டெஸ்ட்டின் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம். பிற்பாடு லார்ட்ஸில் 333. ஸ்டீவ் வாவுக்கு முதல் சதம் வர இருபத்தேழு டெஸ்ட் பிடித்தது. அது வந்ததும் சுதர்சன் பூஜ்யம் எடுத்த அதே லீட்ஸில்தான். "ஒரு ஸ்டீவ் வா தேறினான், தேறாம போனவன் எத்தனை பேரு?" என்பார். நல்ல கேள்வி. சுதர்சன் இன்னொரு வா ஆவான் என்று நானும் சொல்லவில்லை. பதினோராவது இன்னிங்ஸில் தேறப்போகிறவனும் தேறாதவனும் பார்க்க ஒரே மாதிரித்தான் இருப்பார்கள் என்கிறேன். நல்ல ஆட்டக்காரன், டெஸ்ட்டில் இன்னும் நிரூபிக்காதவன்; இதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் அது ஜோசியம்.

கணக்கெல்லாம் மேல்பூச்சு, உள்ளே புண் வேறு. 2023 மே 29, ஐ.பி.எல். இறுதி ஆட்டம். சென்னைப் பையன், குஜராத் சட்டை போட்டுக்கொண்டு, சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தான். கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கோப்பை என்னவோ சென்னைக்குத்தான் வந்தது. ஆனாலும் அந்த 96-ஐ இவர் மன்னிக்கவில்லை. அடிப்படை விலையான இருபது லட்சத்துக்கு குஜராத் அவனை எடுத்துக்கொண்டு போனபோது நம்ம ஊர் அணி எங்கே போயிருந்தது என்று மட்டும் கேட்கமாட்டார். மஞ்சள் சட்டைக்காரர் யார் ரன் அடித்தாலும் அதில் ஈரமே இருக்காது, நெய்வேலி அனலில் காய்ந்த மாதிரி இருக்கும். இது எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஊரான் பிள்ளை ஜெயித்தால் திறமை, நம் பிள்ளை ஜெயித்தால் ஆடுகளம் என்கிற புத்திக்கு கிரிக்கெட் அறிவு என்று பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். நவம்பர் மழையில் பாத்தியெல்லாம் முழுகிக் கிடக்க, ஊரே டிவியை அணைத்துவிட்டு எழுந்து போன பிறகும் குவாஹாட்டி ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தவர் அவர்தான். 139 பந்து என்று விரல் மடக்கி எண்ணியவரும் அவரேதான். "அதுல எத்தனை பந்தைத் தொடாம வுட்டான் தெரியுமா? அத்தனையும் கழிச்சுடு பா."