பெரும்புள்ளிகளுக்கு ஒரு சிறுபுள்ளியின் கடிதம்

அனுப்புநர்
டிஸ்பாட்ச் பிரிவு, சி ஷிப்ட்,
உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று,
சிப்காட், ஒரகடம்.

பெறுநர்
ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் பிரிவு,
எங்கள் மென்பொருளைச் செய்த நிறுவனம்,
ஏதோ ஓர் ஐ.டி. பூங்கா, மேல்மாடி.

பொருள்: தங்கள் புதிய பதிப்பு கண்டு புளகாங்கிதம் அடைந்தது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

நேற்று இரவு இரண்டரை மணிக்குப் புதிய பதிப்பைத் திறந்தேன். ஏழு வண்ணத்தில் டாஷ்போர்டு. "இன்று நான் எப்படி உதவட்டும்?" என்றது ஏஐ உதவியாளர். இன்வாய்ஸ் பிரிண்ட் வேண்டும் என்றேன். இன்வாய்ஸின் அவசியம் பற்றி அழகான கட்டுரை ஒன்று வந்தது. பிரிண்ட் பொத்தானைத்தான் காணவில்லை. கடைசியில் லாரி டிரைவர் அண்ணன் கண்டுபிடித்தார்: மூலையில் மூன்று புள்ளி, அதற்குள் 'மேலும்', அதற்குள் 'மற்றவை'. அதைத் தொட்டதும் ஓடிபி கேட்டது. ஓடிபி பிளான்ட் மேனேஜர் போனுக்குப் போனது. போன் அவர் தலைமாட்டில் இருந்தது. அவர் உறக்கத்தில் இருந்தார்.

அவர் எழும்வரை லாரி நகராது. 64 எழுத்து கொண்ட ஐஆர்என் என்ற பதிவு எண்ணும் கியூஆர் கோடும் இல்லாத இன்வாய்ஸ் வெறும் காகிதம். இ-வே பில்லில் வண்டி எண் ஏற வேண்டும். வழியில் படப்பையில் வண்டி படுத்துவிட்டால் மாற்று வண்டியின் எண்ணை ஏற்ற வேண்டும். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வந்த இந்த இ-இன்வாய்ஸ் முறை, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்காரர் வரை வந்துவிட்டது. அரசாங்கமே இவ்வளவு இறங்கி வந்திருக்கிறது. தாங்கள்தான் இன்னும் மேல்மாடியிலேயே இருக்கிறீர்கள்.

தங்கள் மேல் குற்றமில்லை. தங்கள் மென்பொருள் அப்பா பார்த்து முடித்த வரன். தலைமை அலுவலகத்தில் டெமோ பார்த்தவர் ஒருவர், விலை பேசியவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் ஒருவர். குடும்பம் நடத்துவது மட்டும் நான். அப்பாவுக்கு டாஷ்போர்டு பிடித்திருந்தது. அவர் ஒருநாளும் இன்வாய்ஸ் பிரிண்ட் எடுத்ததில்லை.

'தாமதத்துக்கான காரணம்' என்ற பெட்டியைக் கட்டாயமாக்கினீர்கள். நிரப்பாமல் அடுத்த திரை வராது. ஆகவே எல்லோரும் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்கிறோம். அந்தப் பெட்டி நூறு சதவீதம் நிரம்புகிறது என்று வாடிக்கையாளர் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினீர்களாமே! அத்தனையும் எங்கள் புள்ளிதான். உண்மைக் காரணம் மேஜை டிராயரில், நீள நோட்டில் இருக்கிறது. அதற்கு ஓடிபி கிடையாது.

எங்கள் லைனில் ஒரு கயிறு தொங்குகிறது. டொயோட்டா வழியில் வந்த பழக்கம். அது எரியவைக்கும் விளக்கை ஜப்பானில் அண்டோன் என்பார்கள், எங்கள் வாயில் கயிறே ஆண்டான். பெயர்தான் ஆண்டான், இழுக்கும் உரிமை நேற்றுச் சேர்ந்த அப்ரன்டிஸ் பையனுக்கும் உண்டு. இழுத்தால் விளக்கு எரியும், லீடர் ஓடி வருவார், தேவைப்பட்டால் லைன் நிற்கும். தங்களிடமும் ஒரு கயிறு இருக்கிறது, டிக்கெட் என்று பெயர். இழுத்துப் பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "வடிவமைத்தபடியே இயங்குகிறது. டிக்கெட் மூடப்பட்டது."

அதற்காக, எடையே இல்லாத சரக்கு என்று மென்பொருளை இந்த வட்டாரத்தில் யாரும் இளக்காரமாகப் பேச மாட்டோம். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலையிடம், கைபேசிக்குள் போன மென்பொருளுக்காகப் பின்லாந்திலுள்ள தாய் நிறுவனத்துக்குக் கட்டிய தொகைக்கு வரி எங்கே என்று 2013-ல் வருமான வரித்துறை கேட்டது. வழக்கு முற்றியது. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. கண்ணுக்குத் தெரியாத சரக்கின் கனம் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே பணிவான வேண்டுகோள்: தங்களிடம் ரோட்மேப் இருக்கிறது. அதில் எங்கள் ரோடு இல்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை வழியே ஒரே ஒரு இரவு வாருங்கள். மூன்று மணிக்கு டீ உண்டு. கிரீஸ் கையோடு மவுஸைப் பிடித்து ஒரு லாரியை வெளியே அனுப்பிக் காட்டுங்கள். அதன்பிறகு எட்டாவது வண்ணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பயனர்

இணைப்பு: நீள நோட்டு – 1
கருத்து (கட்டாயம்): .