ஜல்லி சைக்கிளும் ஒரு திருகாணியும்

பத்தாம் வகுப்பில் வடிவியல் என்றாலே எனக்குக் காய்ச்சல் வரும். காம்பஸை ஊன்றி வட்டம் போட்டால், புறப்பட்ட இடத்துக்கு அது திரும்பி வந்ததே கிடையாது. அப்படிப்பட்ட என்னிடம் அக்கா பையன் ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, "மாமா, இதுல ஜாமெட்ரியை நாமே மாத்திக்கலாம். மூணு வாரம் ஓட்டிப் பார்த்துட்டு வாங்கலாமா வேண்டாமான்னு சொல்லுங்க" என்றான்.

நிறுத்தினான் என்று எழுதியது பிழை. அதற்கு ஸ்டாண்ட் கிடையாது. சுவரில் சாய்த்தான்.

கார்பன் கிராவல் பைக். அவனுடைய நண்பன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறானாம். ஒரு வருஷம் ஓட்டிய வண்டியை ஒரு லட்சத்துக்குத் தருகிறானாம். புதிதாக வாங்கியபோது ஒன்றே முக்கால் லட்சம். "கார்பன்ல இது ரொம்ப மலிவு மாமா" என்றான். எங்கள் வீட்டில் பத்தாயிரத்தைத் தாண்டிய எந்தத் தொகையையும் உடனே பவுனாக மாற்றிவிடுவார்கள். அம்மா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து, "ஒரு பவுன்கிட்ட வருது. சேதாரம் எவ்வளவு?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்விதான் பழைய கார்பன் வண்டி வாங்குகிற எவனும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரும்பு சைக்கிள் எங்காவது மோதினால் நசுங்கும், வளையும், பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். கார்பன் நசுங்காது. பிசினில் ஊறிய இழைகள் உள்ளுக்குள் விரிசல் விட்டுவிட்டு, மேலே பெயின்ட் மட்டும் பளபளவென்று சிரித்துக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீரென்னும். கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். அக்கா பையன் இதைப் பெரிய தொழில்நுட்பமாக விளக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா எழுந்து வந்து, சாம்பிராணிச் சட்டி வாங்கும்போது தட்டுகிற மாதிரி விரலை மடக்கி, ஃபிரேமைத் தலையிலிருந்து வால் வரை தட்டிவிட்டு, "ஓட்டை இல்லை" என்று தீர்ப்புச் சொன்னாள். மார்கழி மாதத்து மயிலாப்பூரில் தட்டிக் கேட்கிற காதுக்கா பஞ்சம்?

"கிராவல்னா என்னடா?" என்றாள்.

"ஜல்லி, பாட்டி."

"ஜல்லிக்கு எதுக்குடா சைக்கிள்? அது லாரியிலதானே வரும்."

ரோடு சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரும் மலைச் சைக்கிளின் தடித்த டயரும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் கிராவல் பைக். அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்து எம்போரியா என்ற சின்ன ஊரைச் சுற்றி 2006-லிருந்து ஜல்லிப் பாதையில் பந்தயம் நடக்கிறது. தூரம் 200 மைல், நம் கணக்கில் ஏறக்குறைய சென்னையிலிருந்து திருச்சி. 2022-இல் இத்தாலியில் இதற்கு உலகச் சாம்பியன் போட்டியே வைத்தார்கள். தார் ரோட்டை விட்டு இறங்கி ஜல்லியைத் தேடிப் போகிறார்கள், பாவம். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர். அதில் ஒரு துண்டு எங்கள் மந்தைவெளி வழியாகப் போகிறது. திருமயிலை நிலையத்துக்குத் தோண்டும் ஆழம் சுமார் 35 மீட்டர்; கபாலீசுவரர் கோபுரத்தை அப்படியே உள்ளே இறக்கினால் கலசம் மட்டும்தான் வெளியே தெரியும். அத்தனை மண்ணும் கல்லும் மேலே வந்தாக வேண்டுமே. ஜல்லி எங்கள் வாசலுக்கே வருகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை ஒன்பதரைக் கிலோ. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் இல்லை, வீடு மூன்றாவது மாடி. மளிகைக் கடை அரிசி மூட்டை 26 கிலோ (25 கிலோ வரைக்கும் பாக்கெட் அரிசிக்கு 2022-இல் ஜி.எஸ்.டி. போட்டார்கள், அன்றிலிருந்து மூட்டைக்கு ஒரு கிலோ சதை போட்டுவிட்டது). அதைத் தூக்கி ஏறிப் பழகிய தோளுக்கு இந்த சைக்கிள் ஒரு பொருட்டே இல்லை. மூட்டை கொண்டுவரும் பையன் அதை ஒரு விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்லையா சார்?" என்றான்.

இனி ஜாமெட்ரி. எனக்கே புரிந்துவிட்டதால் உங்களுக்கும் புரியும். ஹேண்டில்பார் திரும்பும் அச்சைச் சாய்வாகவே தரைவரை நீட்டினால் ஓரிடத்தில் போய் முட்டும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிதான் டிரெயில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் குட்டிச் சக்கரம் எப்போதும் தன் தண்டுக்குப் பின்னால் இழுபட்டு வருமே, அதே சங்கதி. இடைவெளி கூடினால் வண்டி நேராகப் போகவே விரும்பும். குறைந்தால் நினைத்த மாத்திரத்தில் திரும்பும். இந்த சைக்கிளில் ஃபோர்க்கின் இரண்டு நுனியிலும் ஆளுக்கொரு அலுமினிய வில்லை. ஆக்ஸில் நுழையும் துளை வில்லையின் நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும். வில்லையைக் கழற்றித் திருப்பிப் போட்டால் சக்கரம் சில மில்லிமீட்டர் முன்னே போகும் அல்லது பின்னே வரும். முன்னே போனால் சுறுசுறுப்பு, பின்னே வந்தால் நிதானம். இதற்கு ஃபிளிப் சிப் என்று பெயர். பார்க்க, வைர மூக்குத்தியின் திருகாணிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். இந்த உவமை வீட்டில் என் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாது, வந்துவிட்டது.

அக்கா பையன் கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தான். கீழே கார் நிறுத்தும் இடத்தில் அப்பாவின் பழைய சைக்கிள் தூசி மூடிக் கிடக்கிறது. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தொடங்கிய காலத்துக் குடும்பத்தில் பிறந்த, முழு செயின் கார்டு போட்ட கறுப்பு வண்டி. அதன் ஃபோர்க்கில் கைப்பேசியை வைத்துச் சாய்வைப் பார்த்தான். 68 டிகிரி. டயரைப் பார்த்தான். 28-க்கு ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். புதிய வண்டியில் 40. "மாமா, இது கிட்டத்தட்ட கிராவல் ஜாமெட்ரி" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் மௌனமாகிவிட்டான். நான் அப்பாவின் சைக்கிளுக்காக வக்காலத்து வாங்கப் போவதில்லை. இருபது கிலோவுக்கு மேல் கனம். அதன் கம்பி பிரேக் மழையில் பிடிக்கவே பிடிக்காது. அப்பா பிரேக்கோடு சேர்த்து முண்டகக்கண்ணி அம்மனையும் பிடித்துக்கொள்வார். ஆனால் அதில் கேரியர் உண்டு, பெல் உண்டு, வேட்டியோடு ஓட்டலாம்.

முதல் சோதனை ஓட்டம் சுறுசுறுப்பு வைப்பில். காலை ஐந்தரை மணி, வடக்கு மாட வீதி. எதிரே பஜனை கோஷ்டி ஜாலராவோடு வந்துகொண்டிருந்தது. எனக்கு பெல் இல்லை. இருந்தாலும் அவர்களுக்குக் கேட்டிருக்காது. மரியாதையாக ஒதுங்கலாம் என்று ஹேண்டில்பாரை இம்மி அசைத்தேன். வண்டி முழ அளவுக்குத் திரும்பியது. ஒரு வாசலில், ஈரம் காயாத இருபத்தோரு புள்ளிச் சிக்குக் கோலத்தின் நடுவே புகுந்து, மூலையில் வைத்திருந்த ரோஸ் கலர் தாமரை வழியாக வெளியே வந்தேன். டிஸ்க் பிரேக் அபாரமாகப் பிடித்தது என்பதையும் பதிவு செய்கிறேன். தாமரைக்கு அப்பால் ஓர் அங்குலம் போகவில்லை.

மாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "பரவாயில்லை, அறுந்த இழையை மட்டும் சேர்த்துட்டுப் போங்கோ" என்று கோலப்பொடி டப்பாவை நீட்டினார். பத்தாம் வகுப்பு வடிவியல் தேர்வுக்குப் பிறகு எனக்கு அப்படி வியர்த்ததில்லை. நான் சேர்த்த இழை தாமரையைச் சுற்றி, திண்ணையைத் தொட்டு, பக்கத்து வீட்டு வாசலில் போய் முடிந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் டயரின் முடிச்சுகளிலிருந்து வெள்ளையும் ரோஸுமாகப் பொட்டு விழுந்துகொண்டே வந்தது. அன்று மந்தைவெளி வரை யார் வேண்டுமானாலும் என்னைப் பின்தொடர்ந்து வந்திருக்கலாம்.

சுறுசுறுப்பு நமக்கு ஒத்துவராது, நிதானத்துக்கு மாற்றிவிடுவோம் என்று அன்று மாலையே கூடத்தில் உட்கார்ந்து அலன் கீயால் கழற்றினேன். இரண்டாவது வில்லை கையிலிருந்து துள்ளி, டிங் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மறைந்தது.

திருகாணி தொலைந்த வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? யாரும் நடக்கக் கூடாது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். பெருக்கிய குப்பையை முறத்தில் கொட்டிப் புடைக்க வேண்டும். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடிக்க வேண்டும், மினுக்கினால் அதுதான். தலைமுறை தலைமுறையாக வந்த இந்த நடைமுறைப்படி அம்மாவும் என் மனைவியும் களத்தில் இறங்கினார்கள். நான் காந்தம் கொண்டுவந்தேன். "அலுமினியம் காந்தத்துல ஒட்டுமா?" என்று மனைவி கேட்டாள். அவள் வேதியியல் ஆசிரியை. முக்கால் மணி நேரம் கழித்து பீரோவுக்கு அடியிலிருந்து அம்மா ஒன்றை எடுத்தாள். வில்லை இல்லை. அக்கா கல்யாணத்தின்போது தொலைந்துபோன அவளுடைய சொந்த மூக்குத்தித் திருகாணி. அதற்காக அன்று ஒரு சமையல்காரரைச் சந்தேகப்பட்டதும், அவர் கோபித்துக்கொண்டு பாதியில் போனதும், சம்பந்தி வீட்டாருக்கு ரசம் இல்லாமல் போனதும் வரிசையாக நினைவுகூரப்பட்டன. வில்லை என் வேட்டி மடிப்பில் இருந்தது. எழுந்து நின்றபோது விழுந்தது.

மாட்டினேன். கையேட்டில் ஒரு எச்சரிக்கை இருந்தது: ஆக்ஸில் நகர்ந்தால் பிரேக்கும் கூடவே நகர வேண்டும், அதற்கு ஒரு தனித் தகடு கொடுத்திருக்கிறோம், அதைப் போடாமல் பிரேக் பொருந்தாது என்று. நான் தகடு இல்லாமலே போட்டுப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. கம்பெனிக்காரர்களே இப்படித்தான், சும்மா பயமுறுத்துவார்கள் என்று தகட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன்.

நிதான வைப்பில் தி. நகர். வெங்கட்நாராயணா சாலை வழியாகப் போய் பனகல் பார்க்கைத் தொட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. என்ன ஒரு கம்பீரம், என்ன ஓர் உறுதி! பத்து மணிக்கு மேல் அங்கே மணிக்கு நான்கு கிலோமீட்டர்தான் சாத்தியம் என்பதால் உறுதியை முழுதாகச் சோதிக்க முடியவில்லை. பாண்டி பஜார் நடைபாதையில் கண்ணாடிக் கடை ஓரமாகச் சாய்த்துவிட்டு நின்றேன். ஐந்து நிமிடத்தில் சின்னக் கூட்டம். உலகம் முழுக்க சைக்கிளை ஓட்டித்தான் மதிப்பிடுகிறார்கள். தி. நகரில் தூக்கி மதிப்பிடுகிறார்கள். ஒருவர் இரண்டு விரலில் தூக்கினார், அடுத்தவர் ஒரு விரலில், பெல்ட் விற்கும் தம்பி சுண்டு விரலில். "எவ்ளோ சார்?" "பன்னெண்டாயிரம்" என்றேன். நம் ஊரில் விலையை உண்மையாகச் சொன்னால் இரண்டு ஆபத்து: ஒன்று திருடு போகும், இல்லாவிட்டால் புத்தி சொல்வார்கள். பன்னிரண்டுக்கே ஒரு பெரியவர், "ஏமாத்திட்டான் உங்களை. கேரியர்கூட இல்லை" என்றார்.

அடையாறுக்குப் போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கிண்டலாக எழுத எனக்கு மனம் வரவில்லை. விடிவதற்கு முன் கிரீன்வேஸ் சாலை வழியாகப் போய் திரு.வி.க. பாலத்தில் ஏறினேன். ஆற்றின் மேல் பனி. பெசன்ட் நகர், ஊரூர்க் குப்பம், அதைத் தாண்டித் தார் ரோடு முடிந்துபோகிறது. அங்கிருந்து உடைந்த பாலம் வரை மண்ணும் சரளையும் கிளிஞ்சலும் கலந்த பாதை. 1967-இல் சாந்தோம் பக்கத்து மீனவர்கள் இந்தப் பக்கம் வருவதற்காகக் கட்டிய பாலம். பத்தே வருஷத்தில் ஆற்று வெள்ளம் அதை நடுவில் பிட்டுப் போட்டது. டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்திருந்தேன். ட்யூப் இல்லாத டயர் என்பதால் குறைக்கலாம். ஜல்லி அடியில் நொறுநொறுவென்று பேசியது; கைக்கு வந்து சேர்ந்தது ஒரு முணுமுணுப்பு மட்டும். ஐம்பத்து நான்கு வயது முதுகு அன்று ஒரு புகாரும் சொல்லவில்லை. "இதுதான் நிதான ஜாமெட்ரி" என்று எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொண்டேன். ஒரு நாய் திரும்பிப் பார்த்தது.

அதன் பிறகு மணல் வந்தது. மணலில் எந்த ஜாமெட்ரியும் இல்லை. முன் சக்கரம் புதைந்து, நான் மெதுவாக, நிதானமாக, பக்கவாட்டில் படுத்தேன்.

வலையருகே உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையன் ஓடிவந்து முதலில் வண்டியைத் தூக்கினான், பிறகு என்னை. "தாத்தா, ஒரு ரவுண்டு?" சீட் அவன் நெஞ்சுக்கு இருந்தது. குரங்குப் பெடல் போடலாம் என்றால் இந்த ஃபிரேமின் முக்கோணம் சின்னது, கால் நுழையாது. அதெல்லாம் அவனுக்கு ஒரு விஷயமாகவே இல்லை. சீட்டைத் தொடாமல் பெடல் மேல் நின்றபடியே, ஒரு கையை விட்டுவிட்டு, ஈர மணலின் கெட்டியான விளிம்பைப் பிடித்துப் பாலம் வரை போய்த் திரும்பினான். "நல்லாத்தான் இருக்கு. பெல் எங்க?" என்றான்.

மூன்று வாரம் முடிந்து அக்கா பையன் வந்தான். அறிக்கையைத் தயாராக வைத்திருந்தேன். சுறுசுறுப்பு வைப்பின் பதற்றம், நிதான வைப்பின் கம்பீரம், இரண்டுக்கும் உள்ள மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசியாக, தகடு வீண் செலவு என்று எடுத்து நீட்டினேன்.

அவன் தகட்டைப் பார்த்தான். குனிந்து ஃபோர்க் நுனியைப் பார்த்தான்.

"தகடு போடாமலே பிரேக் பிடிச்சுதா மாமா?"

"கச்சிதமா."

"அப்ப நீங்க மாத்தவே இல்லை. கழட்டினதை அப்படியே திருப்பி மாட்டியிருக்கீங்க."

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா மூக்குத்தியைத் தடவிக்கொண்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தொண்ணூறாயிரம்னு கேட்டுப் பாரு. ஸ்டாண்ட் இல்லை, கேரியர் இல்லை, பெல் இல்லை" என்றேன்.