மாண்புமிகு ‘மறு உத்தரவு’ அவர்கள் சமூகத்துக்கு

பெருமதிப்பிற்குரிய மறு உத்தரவு அவர்களே,

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, அதில் குளிக்க மட்டும் வழியில்லாத அடியேன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தாங்கள் எப்போது வருகிறீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துச் சோதனைச்சாவடி ஒன்றில் எங்கள் அம்மாவை வேனிலிருந்து இறக்கினார்கள். புளியோதரைத் தூக்குவாளியைத் திறந்து பார்த்தார்கள். சீயக்காய்ப் பொட்டலத்தைப் பறிமுதல் செய்தார்கள். அதுவரைக்கும் சரி, சட்டம் அதன் கடமையைச் செய்கிறது என்று நின்றோம். அப்புறம்தான் பேரன் வயதுள்ள ஒரு தம்பி கேட்டார்: “எதுக்கு ஆச்சி வந்திய?”

“அருவில குளிக்கத்தான்யா.”

“ஏன், வீட்ல தண்ணி வரலியோ?”

கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, ஆற்றில் முங்கியே தலை நரைத்தவள். பதில் சொல்லாமல் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்நேரம் பார்த்து முன்கண்ணாடியில் ஏதோ அட்டை ஒட்டிய கார் ஒன்று வந்தது. தடுப்புக்கம்பி சட்டென்று மேலே போனது. பின்சீட்டில் நாலு பூத்துவாலை. அவர்கள் வீட்டிலும் தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது, பாவம்.

எங்களுக்குப் பலகையைக் காட்டினார்கள். ‘மறு உத்தரவு வரும்வரை குளிக்கத் தடை.’ ஆக, முடிவு தங்கள் கையில். அதனால்தான் நடுவில் யாரையும் தொந்தரவு செய்யாமல் நேரே தங்களுக்கே எழுதுகிறேன்.

தங்கள் அண்ணன் முதல் உத்தரவு இருக்கிறாரே, என்ன சுறுசுறுப்பு! ராத்திரி மலையில் நாலு தூறல் விழுந்தால் விடிவதற்குள் மணிமுத்தாறு அருவியில் வந்து நிற்கிறார். மத்தியானம் களக்காடு தலையணை. சாயங்காலம் திருக்குறுங்குடி நம்பி கோயில் பாதை. அவருக்குப் பஸ் வேண்டாம், படி வேண்டாம். வெள்ளம் வரும்போது அவர் வருவது நியாயம்தான், அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். வெள்ளம் வடிந்து, பாறை காய்ந்து, ஓணான் வெயில் காயும்போதும் தம்பி வரவில்லையே என்பதுதான் எங்கள் ஏக்கம். பாணதீர்த்தத்துக்குக் காரையாறு அணையில் படகேறிப் போன கதையைச் சொன்னால், பிள்ளைகள் புராணம் கேட்கிற மாதிரி கேட்கிறார்கள். அங்கே தங்களை எதிர்பார்த்து எத்தனை ஆண்டாயிற்று என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம்.

அகத்தியர் கதை இன்னும் விசேஷம். பொதிகை உச்சி, 1,868 மீட்டர். மலையின் இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் கேரளம். பாபநாசத்திலிருந்து காரையாறு, இஞ்சிக்குழி வழியாக ஏறிய பழைய பாதை அடைத்துக் கிடக்கிறது. ஆகவே தமிழ் முனியைத் தரிசிக்க விரும்பும் தமிழன், நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போய், கேரள வனத்துறையில் ஆன்லைனில் முன்பதிவு செய்து, போனக்காட்டிலிருந்து ஏறுகிறான். 2019 முதல் அங்கே பெண்களும் ஏறுகிறார்கள். தாங்கள் மலையாளம் கற்றுக்கொண்டு அந்தப் பக்கமே தங்கிவிட்டீர்களோ என்று ஊரில் ஒரு பேச்சு. நான் நம்பவில்லை.

புலிக்காக என்றால் வாயே திறக்கமாட்டேன். களக்காடு முண்டந்துறை 1988-இல் புலிகள் காப்பகமானது. தமிழ்நாட்டின் முதல் காப்பகம் அது, நமக்குப் பெருமைதான். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடாரமடிக்கும் கூட்டமும், அது விட்டுவரும் குப்பையும் எனக்கும் தெரியும். கட்டுப்பாடு வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டுக்கு ஒரு காரணமும் ஒரு தேதியும் இருக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வழிகாட்டியோடு அரசே திறந்தது. 2025-இல் தீக்காலம் என்று அவற்றை மூடியபோதுகூட, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை என்று சொல்லித்தான் மூடினார்கள். தேதி போட்டால் தங்கள் தயவு தேவைப்படாது என்பதால்தான் எங்கள் அருவிகளுக்குத் தேதி போடுவதில்லையோ?

இதற்கிடையில், தாங்கள் வரத் தாமதமாகும் என்று தெரிந்துகொண்ட பையன்கள் யாருக்கும் தெரியாத இடம் தேடிப் போகிறார்கள். மலைச்சரிவில் ஒரு ஓடை, காட்டோரம் ஒரு கசம், கால்வாய் பிரியும் இடத்தில் ஒரு மடு. யூடியூப் தம்பி ஒருவர் ‘சீக்ரெட் ஸ்பாட்’ என்று படம் பிடித்துப் போடுவார். அடுத்த ஞாயிறு நூறு பைக் நிற்கும். அதற்கடுத்த ஞாயிறு காலி பாட்டில் மிதக்கும். பிறகு பலகையோடு அண்ணன் வருவார். எனக்கும் இரண்டு இடம் தெரியும். பெயர் எழுதமாட்டேன், இந்தக் கடிதத்தை அண்ணன் பிரித்துப் படித்துவிட்டால் என்ன செய்வது?

பகடி கொஞ்சம் நிற்கட்டும். அந்தக் கசங்களில் பிள்ளைகள் செத்துப்போகிறார்கள். மணல் அள்ளிய குழியில், அணைக்கட்டுக்குக் கீழே சுழலில், பாசி வழுக்கிய பாறையில். கம்பியும் படிக்கட்டும் காவலும் இருந்த அருவியைப் பூட்டிவிட்டு, ஒரு கயிறுகூட இல்லாத பள்ளத்துக்கு அவர்களைத் துரத்தியது யார்? நீச்சல் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவருக்குத் தினக்கூலி கொடுக்கப் பணமில்லை. பிணம் எடுத்த பிறகு பலகை எழுதப் பெயின்ட் இருக்கிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பா? வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்க வேண்டும். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்கிறேன்.

தங்கள் கருணைக்கும் எல்லை இல்லை. திருநெல்வேலி வந்தால் ஆற்றில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. குறுக்குத்துறையிலும் வண்ணாரப்பேட்டையிலும் எவ்வளவு நேரமும் முங்கலாம். மாநகரத்துச் சாக்கடை ஆற்றில் கலப்பதைப் பற்றி உயர்நீதிமன்ற மதுரைக் கிளைவரை வழக்குப் போய்விட்டது. சுத்தமான தண்ணீரில் தடை, சாக்கடை கலந்த தண்ணீரில் தாராளம். இந்தத் தத்துவத்தை யோசித்தவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும்.

அடியேன் கேட்பது அதிகமில்லை. பலகையில் ஏன் தடை என்று ஒரு வரி, எதுவரை என்று ஒரு தேதி. தண்ணீர் இந்த அளவுக்கு இறங்கினால் திறப்போம் என்று பாறையில் ஒரு கோடு. சனம் போகிற கசங்களில் ஒரு கயிறு, ஒரு டியூப், ஒரு ஆள். கம்பியைத் தூக்கினால் எல்லா வண்டிக்கும் தூக்குவது. இவ்வளவையும் தாங்கள் வந்துதான் செய்ய வேண்டும் என்றால் பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் மாலையோடு ஆள் நிறுத்தத் தயார். எந்த பஸ் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்நோக்கும் மேலக்கரைவாசி

நகல்:
அண்ணன் முதல் உத்தரவு அவர்களுக்கு, தகவலுக்காக.
மாநகரத்துச் சாக்கடைக்கு. பாஸும் சோதனையும் இல்லாமல் தினமும் ஆற்றில் இறங்குவது அது ஒன்றுதான். வழி தெரிந்தால் எங்களுக்கும் சொல்லவும்.