கார் பட்ட பாடு

எங்கள் ஊர் எளாவூர். செய்தித்தாளில் ஊர்ப் பெயர் வந்தால், பக்கத்திலேயே ‘சோதனைச்சாவடி’, ‘பறிமுதல்’ என்று இரண்டு சொற்கள் தவறாமல் இருக்கும். இந்தப் புகழோடு நாங்கள் நிம்மதியாகத்தான் இருந்தோம், என் மச்சான் புதுக் கார் வாங்கும்வரை.

மச்சானுக்கு வேளச்சேரியில் வீடு. வண்டி வந்த மூன்றாம் வாரமே கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிவரை போய் இளநீர் குடித்துவிட்டு வந்துவிட்டான். பிறகு எனக்குப் போன்.

“மாமா, தெக்கே முடிச்சாச்சு. அடுத்து வடக்கு. மேப்புல பார்த்தேன், உங்க ஊருக்குக் கிழக்கால ஒரே நீலமா இருக்கு. கோஸ்டல் டிரைவுக்கு டிப்ஸ் குடுங்க.”

நீலம் இருப்பது உண்மைதான். அது பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உப்புநீர் ஏரி, அதில் பெரும்பங்கு ஆந்திரத்துக்குள் கிடக்கிறது. ஆனால் அந்த நீலத்தை ஒட்டி சாலை எதுவும் ஓடவில்லை என்பதை மேப் அவனிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துச் சாலைகள் மீன்முள் மாதிரி. நடுமுள் கொல்கத்தா நெடுஞ்சாலை. கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. அதிலிருந்து கிழக்கே பிரிகிற ஊர்ச்சாலைகள் பக்கமுள். ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு குப்பத்தில், ஏதாவது ஒரு படகின் முன்னால் போய் நின்றுவிடும். வந்த வழியே திரும்பி, அடுத்த முள்ளுக்குப் போக வேண்டியதுதான்.

இதைச் சொன்னேன். “பரவால்ல மாமா, நீங்க கூட வாங்க” என்றான். அவன் அக்கா, அதாவது என் மனைவி, “ஆசையா கேக்கறான், கூட்டிட்டுப் போங்களேன்” என்றாள். இந்த ‘போங்களேன்’ எந்தப் பதத்தில் வரும் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவனுக்குக் கொடுத்த டிப்ஸை இங்கேயும் கொடுத்துவிடுகிறேன். வருவதானால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு இன்னும் நல்லது. பூநாரைகள் அப்போதுதான் இருக்கும். மே மாதம் வந்தால் பல இடங்களில் ஏரிக்குப் பதில் உப்புப் பூத்த தரைதான் கிடைக்கும். பெட்ரோலை இந்தப் பக்கமே நிரப்பிக்கொள்ளுங்கள், எல்லை தாண்டினால் விலை கூடுதல். நெடுஞ்சாலையில் லாரிக்கு வழிவிடுங்கள், அதற்கு உங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். தண்ணீரும் தொப்பியும் கையிலேயே இருக்கட்டும். பைனாகுலர் கடன் கிடைத்தால் வாங்கி வாருங்கள்.

யாராவது படகு சவாரி என்று கூப்பிட்டால் மட்டும் போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் எனக்கு வேடிக்கை பேச வராது.

ஒரு பிப்ரவரி ஞாயிறு, விடியற்காலையில் புறப்பட்டோம். முதல் முள் பழவேற்காடு. தெற்கே திரும்பிப் பொன்னேரி போய், அங்கிருந்து கிழக்கே. மச்சான் ஓட்ட, அவன் மனைவி முன்னால், நான் பின்னால் பிளாஸ்டிக் உறை கிழிக்காத சீட்டில். பிரேக் அடிக்கும்போதெல்லாம் நான் வழுக்கிக்கொண்டு முன்னால் போய் வந்தேன்.

பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். வேகத்தடைக்குப் பதிலாக இந்த மாதிரி இரண்டு நெடுஞ்சாலையில் வைக்கலாம் என்பது என் நெடுநாள் யோசனை. சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரியக் கடிகாரம் உண்டு. மச்சான் அதையும் தன் ஸ்மார்ட் வாட்சையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் ஸ்லோவா இருக்கே” என்றான்.

பாலத்தின் மேல் நின்று வடக்கே பார்த்தவன் துள்ளினான். “மாமா, அதோ தெரியறது ஸ்ரீஹரிகோட்டா தீவுதானே? இப்படியே போயிடலாமே!”

கரையோரச் சேற்றில் இருளர் பெண்கள் சிலர் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. முட்டிவரை தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பது. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். விரலில் இறால் பட்டதும் அப்படியே மேலே தூக்கி, முகவாய்க்குக் கீழே தொங்குகிற பறிக்குள் போட்டுவிட்டு, கை மறுபடி சேற்றுக்குள் போய்விடும். மச்சான் கரையிலிருந்து கத்தினான்: “அக்கா, ஸ்ரீஹரிகோட்டாவுக்கு எப்படிப் போறது?” வாயில் பறி இருக்கிற அம்மா என்ன பதில் சொல்வார்? நிமிர்ந்து, மோவாயால் நேரே தண்ணீரைக் காட்டிவிட்டுக் குனிந்துகொண்டார். அதைவிடச் சரியான வழி கிடையாது. கார் உள்ளவர்கள்தான் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, எளாவூர், தடா, சூலூர்பேட்டை என்று ஏரியைப் பிரதட்சிணம் செய்ய வேண்டும். சந்திரயான்-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிப் பூமியின் சுற்றுப்பாதைக்குப் போக 16 நிமிடம் ஆனது. நாங்கள் பழவேற்காட்டிலிருந்து சூலூர்பேட்டைக்குப் போக, நடுவே என் வீட்டில் இட்லி சாப்பிட்டது உட்பட, மூன்றே முக்கால் மணி நேரம்.

போகிற வழியில் ஒற்றைச் சாலையில் எதிரே ஒரு மினி லாரி வந்தது. இருவரும் நின்றார்கள். யார் பின்னால் போவது என்பதில் பத்து நிமிடம் கண்ணாலேயே பேச்சுவார்த்தை. நான் மச்சானுக்குப் பாடு முறையைச் சொன்னேன். ஏரியில் மீன் அதிகம் படுகிற இடங்களுக்குப் ‘பாடு’ என்று பெயர். இன்றைக்கு யார் அங்கே சுத்து வலை கட்டுவது என்பதைக் குப்பத்துக்காரர்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தன் முறை இல்லாத நாளில் எவ்வளவு மீன் துள்ளினாலும் ஒருவன் கை வைக்க மாட்டான். மச்சான் கவனமாகக் கேட்டுவிட்டு, “இப்ப என் முறை மாமா” என்று ஹார்ன் அடித்தான். கடைசியில் மினி லாரிதான் பின்னால் போனது.

சூலூர்பேட்டையில் செங்காளம்மனைக் கும்பிட்டோம். ராக்கெட் விடுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்களே வந்து கும்பிடுகிற அம்மன். மச்சான் காருக்கும் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டான். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற சாலைதான், வடக்கே வருகிறவர்களுக்கு நான் மனமாரச் சொல்கிற ஒரே சாலை. ஏரியை நடுவே கிழித்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் தண்ணீர். தூரத்தில் வெள்ளையும் ரோஜா நிறமுமாக ஒரு கோடு, உற்றுப் பார்த்தால் அந்தக் கோட்டுக்குக் கால் இருக்கும். சாலை போய் முடிவது விண்வெளி மையத்தின் வாசலில். அனுமதி இல்லாதவர்கள் திரும்ப வேண்டியதுதான். இதுவும் ஒரு முள்ளே.

மச்சானுக்கு அந்தக் கோடு போதவில்லை. பூநாரையும் காரும் ஒரே படத்தில் வர வேண்டுமாம். சாலையை விட்டு இறக்கினான். மேலே காய்ந்து அப்பளம் மாதிரி வெள்ளையாக இருந்தது தரை. பத்தடி போனதும் அப்பளம் நொறுங்கியது. கீழே களி. முன் சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் உள்ளே.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த நாலு பேர் ஓடி வந்தார்கள். நான் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போய்த் தள்ள நின்றேன். அவர்கள் பக்கத்துக்கு இருவராக நின்று, “வெனக்கி! வெனக்கி!” என்று கத்தினார்கள். பின்னால் எடு என்று அர்த்தம். எல்லையில் வாழும் எனக்குத் தெலுங்கு தெரியும். வேளச்சேரிக்காரனுக்குக் காதில் விழுந்தது ‘எனக்கு, எனக்கு’. முகம் வெளுத்துவிட்டது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுப் பர்ஸைத் திறந்தான். ஜன்னல் வழியாக ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள் வெளியே வந்தது. அவர்கள் இன்னும் உரக்க, “வெனக்கி!” இரண்டாவது ஐந்நூறு வந்தது. கடைசியில் வயதானவர் ஒருவர் ஜன்னலில் குனிந்து, தூய தமிழில் சொன்னார்: “சார், ரிவர்ஸ் போடுங்க.”

ரிவர்ஸும் வேலைக்காகவில்லை. பனை மட்டை கொண்டுவர ஒருவர் போனார். டிராக்டருக்கு ஒருவர் போனார். இரண்டும் வர ஒன்றரை மணி நேரம். எஞ்சினை அணைத்துவிட்டு, பேச ஒன்றும் இல்லாமல் கார்மேல் சாய்ந்து நின்றோம். முதலில் கவனித்தது மச்சான் மனைவிதான். அந்தக் கோடு அசைந்து அசைந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. தலையைக் கவிழ்த்து, வளைந்த மூக்கைத் தண்ணீருக்குள் தலைகீழாக வைத்து, காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே ஒவ்வொரு அடியாக. கடைசியில் குரல் கேட்கிற தூரத்துக்கு வந்துவிட்டன. வாத்தைப் போன்ற கரகரத்த சத்தம், அழகுக்குச் சம்பந்தமே இல்லாத சத்தம். மச்சான் போனை எடுக்க மறந்துவிட்டான்.

டிராக்டர் வந்த சத்தத்தில் பறந்துவிட்டன.

இழுத்துவிட்டவர்கள் டீக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பாடு என்றால் முறை. காருக்கு அன்றைக்கு வாய்த்ததும் பாடுதான், வேறு வகை.

போன வாரம் மச்சான் பேசினான். வேளச்சேரியில் வண்டி கழுவுகிறவர் சக்கர மறைப்புக்கு உள்ளிருந்து ஒரு சிப்பியைத் தோண்டி எடுத்துக் கொடுத்தாராம். டாஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். சீட் உறையைக் கிழித்துவிட்டானாம். “மாமா, அடுத்த சீசனுக்கு வரேன்” என்றான். “இந்த தடவை சென்ட்ரல்ல இருந்து லோக்கல் ட்ரெயின்ல. எளாவூர்ல நிக்கும்ல?”