இருக்கும் சீட்டிலேயே உயர்வது எப்படி?

குரூப்-4 தேர்வில் தேறி, வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்துவிட்டீர்கள். வாழ்த்துகள். வீட்டில் இனிப்பு கொடுத்து முடிப்பதற்குள் மாமா கேட்டிருப்பார்: "மாப்ளே, எப்ப தாசில்தார் ஆவ?" நடுவில் உதவியாளர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று படிகள் இருப்பது மாமாவுக்குத் தெரியாமல் போகலாம். உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இருக்கும் வேலையைச் சிறப்பாகச் செய்து அடுத்த பதவிக்குத் தயாராக விரும்புகிறவர்களுக்காக, அனுபவஸ்தர்களின் ஐந்து யோசனைகள்.

1. முதலில் காலண்டரை மாற்றுங்கள்

வருவாய்த் துறைக்கு ஆண்டு பிறப்பது ஜூலை 1-ஆம் தேதி. அதற்குப் பசலி என்று பெயர். 2025 ஜூலையில் பிறந்தது 1435-ஆம் பசலி. ஊர் உலகத்துக்கு 590 ஆண்டுகள் பின்னால் கணக்கு எழுதுகிற இடத்தில் உங்கள் பதவி உயர்வு மட்டும் ஓடி வருமா? பொறுமை பழகுங்கள். பணிமூப்புப் பட்டியலில் உங்களுக்கு மேலே இருப்பவர்களின் ஓய்வு பெறும் தேதிகளை மனப்பாடம் செய்துகொள்வது பொறுமைக்குத் துணை செய்யும்.

2. வேலை தெரியும் என்று சொல்லாதீர்கள்

சேர்ந்த புதிதில் ஆர்வக்கோளாறில் பலர் செய்யும் தவறு இது. "எக்ஸெல் தெரியுமா தம்பி?" என்று யாராவது அன்பாகக் கேட்டால், கேள்விப்பட்டிருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெரியும் என்று சொன்னீர்களோ, அன்று மாலையே ஜமாபந்தி (ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை) அறிக்கை, தேர்தல் பட்டியல், வெள்ள நிவாரணக் கணக்கு மூன்றும் உங்கள் மேசைக்கு வந்துவிடும். தெரியாது என்றவர் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்திருப்பார். "அவர் இல்லேன்னா செக்‌ஷனே ஓடாது சார்" என்று உங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மகிழாதீர்கள். பதவி உயர்ந்து பக்கத்துத் தாலுகாவுக்குப் போனாலும், ஜமாபந்தி வந்ததும் மாற்றுப்பணி ஆணை உங்கள் பெயருக்குத்தான் வரும்.

3. கோப்பை நகர்த்துங்கள், முடித்துவிடாதீர்கள்

இதுதான் கலை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு பெரியவர் ஆட்சியரிடம் மனு கொடுக்கிறார். வாய்க்கால் வழியைப் பக்கத்துக் காட்டுக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார், தண்ணீர் வரவில்லை என்கிறார். மனு உங்கள் சீட்டுக்கு வருகிறது. ந.க. எண் கொடுத்து, தன்பதிவேட்டில் ஏற்றி, "வருவாய் ஆய்வாளரின் அறிக்கை கோரலாம்" என்று குறிப்பு எழுதுங்கள். அவர் கிராம நிர்வாக அலுவலரைக் கேட்பார். அவர், அளந்தால்தான் தெரியும் என்பார். நில அளவருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் நினைவூட்டு. வந்துவிட்டால், "அறிக்கை தெளிவாக இல்லை, தெளிவுரை கோரலாம்." ஒவ்வொரு தாளிலும் பொருள், பார்வை இரண்டும் பிசகாமல் இருக்கட்டும். கீழே "பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது" மறக்கக் கூடாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி தன்பதிவேட்டைப் புரட்டினால், ஒரு மாதம்கூடச் சும்மா இராத சீட் என்று மெச்சுவார். பெரியவர் வந்து கேட்டால், "ஃபைல் நகர்ந்துக்கிட்டேதான் இருக்குங்கய்யா" என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை. வேலிதான் நகரவில்லை.

4. துறைத் தேர்வுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

தேர்வாணையம் ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரும், துறைத் தேர்வு நடத்துகிறது. மே போனால் டிசம்பர், டிசம்பர் போனால் மே, என்ன அவசரம்? சில தாள்களைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்பதால் புத்தகத்தை முன்கூட்டியே திறந்து பார்க்க வேண்டியதில்லை. தேர்வறையில் முதல்முறையாகத் திறந்து, எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடும் பரபரப்பே தனி. உங்களுக்குப் பின்னால் சேர்ந்த பெண் எல்லாத் தாள்களையும் முடித்து உங்களுக்கு முன்னால் உதவியாளராகும்போது, "அந்தம்மாவுக்கு மேலிடத்துல செல்வாக்கு" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்ளலாம்.

5. கையெழுத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள்

ஒழுங்கு விதிகளில் 17(அ) என்பது சிறு தண்டனைக்கு, 17(ஆ) பெருந்தண்டனைக்கு. அலுவலகத்தில் 'செவன்டீன் பி' என்று சொன்னாலே குரல் தாழும். குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியல் உங்களைத் தாண்டிப் போய்விடும். ஆகவே எந்த முடிவிலும் உங்கள் பெயர் தெரியக் கூடாது. 'செய்யலாம்' என்று எழுதாதீர்கள். 'ஆணை வேண்டப்படுகிறது' என்று எழுதுங்கள். முடிவெடுக்காதவர் மாட்டியதாக வரலாறு இல்லை என்பது சீனியர்களின் துணிபு.

இந்த ஐந்தையும் விடாமல் கடைப்பிடித்தால், ஒரு நாள் துணை வட்டாட்சியராக மேசையின் மறுபக்கத்தில் உட்காருவீர்கள். அன்று காலை உங்கள் முன் வந்து நிற்கும் கோப்பு, இதே வழிகாட்டியைப் படித்த இளநிலை உதவியாளர் எழுதியதாக இருக்கும். நாற்பது பக்கம். எல்லாப் பக்கத்திலும் பொருள், பார்வை சுத்தம். கடைசி வரி: "ஆணை வேண்டப்படுகிறது." ஆணை போட வேண்டியவர் நீங்கள். எந்த விதியில் போடுவது என்று தெரியாது. எந்த வாய்க்கால் என்றும் தெரியாது. முடிவெடுக்கக் கற்றுக்கொள்ளும் வயதில் கடிதம் அனுப்பக் கற்றுக்கொண்டவருக்கு, பதவி உயர்வு என்பது நாற்காலி மாற்றம் மட்டுமே.

அதனால் தம்பி, தங்கச்சி, இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு இரண்டு காரியம் செய்யுங்கள். துறைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எப்போது என்று பாருங்கள். நில அளவருக்கு இன்னொரு நினைவூட்டு எழுதாமல் போனில் கூப்பிட்டு, வாய்க்காலை அளக்க ஒரு தேதி வாங்குங்கள்.