இரண்டாமவரைத் தேடி: இணைய ஏலத்தில் பழம்பொருள் விற்போர் படும் பாடு குறித்த சிற்றாய்வு

இணைய ஏலம் பற்றிய எந்த ஆய்வும் ஓர் உடைந்த லேசர் சுட்டியில்தான் தொடங்க வேண்டும். 1995-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் பியர் ஒமிடியார் என்ற மென்பொருள்காரர் ‘ஆக்‌ஷன்வெப்’ என்றொரு தளத்தைத் திறந்தார். இரண்டே ஆண்டில் அதன் பெயர் ஈபே ஆயிற்று. அதில் முதலில் விலைபோன பொருள் அவருடைய பழுதான லேசர் சுட்டி. 1 டாலரில் தொடங்கி 14 டாலர் 83 சென்ட்டில் நின்றது. அது வேலை செய்யாது என்பது தெரியுமா என்று ஒமிடியார் விசாரிக்க, தாம் உடைந்த லேசர் சுட்டிகளைத்தான் சேகரிப்பதாக வாங்கியவர் பதில் எழுதினார்.

எந்தக் குப்பைக்கும் உலகில் ஓர் ஆள் உண்டு என்பதற்கு இந்தக் கதையைச் சான்று காட்டுவது வழக்கம். இந்த ஆய்வு அந்த வழக்கை மறுக்கிறது. ஓர் ஆள் மட்டும் வந்திருந்தால் சுட்டி 1 டாலருக்குத்தான் போயிருக்கும். அதை 14.83 வரை ஏற்றிவிட்டவர் வேறொருவர். உடைந்த சுட்டிக்கு ஆசைப்பட்டு, போட்டியிட்டு, தோற்று, வரலாற்றில் பெயரில்லாமல் போன அந்த இரண்டாமவரே இணைய ஏலத்தின் மூலவர். விற்பவர்களின் துயரம் அத்தனையும் அவர் வராததால் விளைவது என்பதே இங்கே நிறுவப்படவிருக்கும் கருதுகோள்.

கருதுகோள் என்று வந்துவிட்டால் துணைக்கு ஒரு நோபல் பரிசாளர் வேண்டும். நல்லவேளையாக இருக்கிறார். வில்லியம் விக்ரி 1961-ல் எழுதிய கட்டுரையில் ஒரு விசித்திரமான ஏலமுறையை அலசினார்: அதிகம் கேட்டவருக்கே பொருள், ஆனால் அவர் கொடுக்க வேண்டியது அடுத்தபடியாகக் கேட்டவரின் விலை. 1996-ல் பரிசு அறிவித்தார்கள். மூன்றே நாளில் அவர் காலமானார். ஈபேயின் தானியங்கி ஏலம் ஏறத்தாழ இந்த முறைதான். ஒருவர் 5,000 ரூபாய் வரை போகத் தயாராக இருக்கிறார், அடுத்தவர் 300-ல் நின்றுவிடுகிறார் என்றால், விற்பவர் கைக்கு வருவது 300-ம் அதற்கு மேல் ஒரு படியும். அடுத்தவரே இல்லையென்றால் ஆரம்ப விலை. மிச்சம் ஏறத்தாழ 4,700 ரூபாய் ஆசை வாங்கியவர் மனசுக்குள்ளேயே தங்கிவிடும். இந்த முறையை விக்ரி பிறப்பதற்கு முன்பே, 1890-களில், அமெரிக்க அஞ்சல்தலை வியாபாரிகள் தபால்வழி ஏலத்தில் கையாண்டிருக்கிறார்கள் என்று டேவிட் லக்கிங்-ரெய்லி 2000-ல் எடுத்துக்காட்டினார். ஸ்டாம்பு விற்றவர்களுக்கு நோபல் எதுவும் தரப்படவில்லை.

இனி ஆய்வுப் பொருளான விற்பனையாளரை அருகில் போய்ப் பார்க்கலாம். ஓய்வு பெற்றவர். பீரோவில் நாப்தலின் உருண்டை வாசனையோடு ஓர் ஆல்பம். மேசையில் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, ட்வீசரால் ஒரு ஸ்டாம்பைப் பிடித்து, செல்போனால் படம் எடுக்கிறார். ட்யூப்லைட் வெளிச்சம் ஸ்டாம்பின் முகத்தில் விழுகிறது. விளக்கை அணைத்தால் அவருடைய கையின் நிழல் விழுகிறது. மொட்டை மாடிக்குப் போகலாம், ஆனால் காற்று. கடைசியில் ஜன்னலோரம் பேரனின் பரீட்சை அட்டை மேல் வைத்து எடுத்த படத்தில் எல்லாம் நன்றாக விழுகிறது, பல்வரிசையின் ஓரத்தில் பழுப்புப் புள்ளி உட்பட. சென்னை ஈரத்தில் நாற்பது மழைக்காலம் கண்ட பசைக்கு அந்தப் புள்ளி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அவர் மனத்தில் உள்ள விலை ஸ்டான்லி கிப்பன்ஸ் அட்டவணையில் இருந்து வந்தது. அது கடைக்காரர் விற்கும் விலை; கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலை அன்று. அட்டவணைக்காரர்கள் இதை ஒளிக்கவில்லை, முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்கள். முன்னுரையை யார் படிக்கிறார்கள்?

பற்றும் சேர்ந்துகொள்கிறது. கானமன், நெட்ஷ், தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில் பாதி மாணவர்களுக்குக் காப்பிக் கோப்பைகளைக் கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் தர முன்வந்ததைப் போல் சுமார் இரண்டு மடங்கு. சற்று நேரம் கையில் இருந்த கோப்பைக்கே இந்தக் கதி என்றால், பெண்ணைப் பார்க்கப் போன ஊரில் வாங்கிய ஸ்டாம்புக்கு என்ன பெருக்கெண் போடுவது என்பதைப் பொருளியல் இன்னும் தீர்மானிக்கவில்லை.

அடுத்து ‘கண்டிஷன்’. நாணய உலகில் 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்று உண்டு. 1949-ல் அதை வகுத்தவர் வில்லியம் ஷெல்டன், மனித உடல்களையே மூன்று வகையாகப் பிரித்துக் காட்டிய உளவியலாளர். அவர் இறந்த பிறகு நீதிமன்றம் வரை போன வழக்கில் தெரியவந்தது இது: அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, தம்முடைய மட்டமான காசுகளை அங்கே வைத்திருக்கிறார். தரத்தை அவரைவிடத் துல்லியமாக அறிந்தவர் யார் இருக்க முடியும்!

தரத்தை விற்பவரே அறிவித்தால் என்ன ஆகும் என்பதையும் சோதித்துவிட்டார்கள். ஜின், காட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் ஈபேயில் பேஸ்பால் அட்டைகளை வாங்கி, தொழில்முறை மதிப்பீட்டாளர்களிடம் அனுப்பினார்கள். 2006-ல் வெளியான முடிவு: ‘அப்பழுக்கற்றது’ என்ற ரீதியில் பீற்றிக்கொண்ட அட்டைகள் கூடுதல் விலைக்குப் போயிருந்தன, ஆனால் தரத்தில் மற்றவற்றைவிட உயர்வாக இல்லை. நம் விற்பனையாளரோ ‘வலது கீழ் மூலையில் சிறு பழுப்புப் புள்ளி உள்ளது’ என்று தமிழாசிரியர் கையெழுத்துபோல் தெளிவாக எழுதிவிடுகிறார். நேர்மைக்கு இப்படி ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் விற்பவர்.

ஏலம் திறந்துவிட்டது. ஏழு நாள். மூன்றாம் நாள் மாலை 23 பேர் ‘பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று தளம் சொல்கிறது. கேட்டவர் ஒருவரும் இல்லை. இந்த 23 பேரும் மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நகர்கிற ஜாதி. அவர்களில் பலர் வாங்க வந்தவர்களே அல்லர், அதே ஸ்டாம்பைத் தாங்களும் வைத்துக்கொண்டு ‘என்ன விலைக்குப் போகிறது பார்ப்போம்’ என்று காத்திருப்பவர்கள் என்பது இக்கட்டுரையின் உறுதியான சந்தேகம். இடையிடையே செய்திகள் வரும். ‘சார், லாஸ்ட் ப்ரைஸ்?’ ஏலத்தில் கடைசி விலை என்னவென்று கடைசியில்தான் தெரியும் என்பதைப் பணிவாக விளக்கி எழுதினால், பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும்.

வருகிற இரண்டாமவரும் நேரத்தோடு வருவதில்லை. ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸும் 2002-ல் இதை ஆராய்ந்தார்கள். ஈபே ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். அப்போது அமேசான் நடத்திவந்த ஏலத்தில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் பத்து நிமிடம் நீளும். கடைசி நொடிப் பாய்ச்சல் ஈபேயில்தான் மிக அதிகம். கூவி ஏற்ற ஆள் இல்லாத ஏலம் இது. மூர் மார்க்கெட்டில் பேரம் பேசப் பழகிய தலைமுறைக்கு எதிராளியின் முகம் தெரியாத இந்த மௌனம் தாங்க முடிவதில்லை.

இரண்டாமவர் வராமல் போவதற்கு ஓர் எழுத்துப்பிழை போதும். 1852-ல் ஆர்க்டிக் பயணக் குழு ஒன்றுக்காகக் காய்ச்சிய ஆல்சாப் பியர் புட்டி ஒன்று 2007-ல் ஈபேக்கு வந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு இரண்டு ‘பி’. விற்றவர் ஒன்றை விட்டுவிட்டார். தேடியவர்கள் கண்ணில் படாமல் 304 டாலருக்குப் போயிற்று. வாங்கியவர் எழுத்தைத் திருத்தி மறுபடி ஏலத்தில் விட்டார். 5,03,300 டாலர் வரை ஏறியது. கருதுகோள் வென்றது என்று அறிவிக்கும் வேளையில் ஒரு சிக்கல்: கேட்டவர் பணம் தரவில்லை, அது விளையாட்டுக் கேள்வி. ஆக, இரண்டாமவர் வந்தால் மட்டும் போதாது, முதலாமவர் நிஜமாக இருக்கவும் வேண்டும்.

நற்பெயர், தபால் கட்டணம் பற்றிச் சுருக்கமாக. ரெஸ்னிக் குழுவினர் 2006-ல் வெளியிட்ட சோதனையில், பழைய படத் தபாலட்டைகளை ஒரே வியாபாரி தம் பழைய கணக்கிலும் புதிய கணக்குகளிலும் விற்றார். பழைய பெயருக்கு 8.1 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. 2008 முதல் வாங்குபவரைக் குறை சொல்லி எழுதும் உரிமை ஈபேயில் விற்பவருக்கு இல்லை; வாங்குபவர் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். தபால் கட்டணத்தை ஏற்றி, ஆரம்ப விலையைக் குறைத்தால் மொத்த வரவு கூடும் என்று ஹொசைனும் மார்கனும் சி.டி.க்களை விற்று நிரூபித்தார்கள். 2011-ல் தபால் கட்டணத்துக்கும் சேர்த்தே ஈபே தரகு பிடிக்க ஆரம்பித்தது.

இந்திய இயல் தனி நூலாக விரியத்தக்கது. 2004-ல் பாஸீ தளத்தை வாங்கி இங்கே கால்வைத்த ஈபே, 2017-ல் ஃபிளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் கடையை மூடியது. வெளிநாட்டுக்கு விற்கலாமென்றால், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சிறு பார்சல்களுக்கான வரிவிலக்கை நீக்கியபோது, நம் அஞ்சல் துறை அந்நாட்டுக்கான பார்சல்களைச் சில வாரம் நிறுத்திவைத்தது. காசு நூறு வயதுக்குக் குறைந்ததென்றால் ‘இது ஒன்றும் பழசில்லையே’ என்கிறார் வாங்குபவர். நூறு ஆகிவிட்டால் அது தொல்பொருள், நாட்டை விட்டு அனுப்பாதே என்கிறது 1972-ம் ஆண்டுச் சட்டம். விற்பதற்கு உகந்த வயது எது என்பது ஜோதிடர்களின் ஆய்வுக்கு விடப்படுகிறது.

இப்போது யூட்யூப் புதையல்களுக்கு வருவோம். 786 எண்ணுள்ள நோட்டு, டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு, 2012-ன் வைஷ்ணோ தேவி நாணயம், இவற்றுக்கு லட்சங்கள் தரக் காத்திருக்கிறார்களாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தொடருக்குப் பத்து லட்சம் நோட்டு, ஆறு இலக்க எண். அதில் எங்காவது 786 அடுத்தடுத்து வரும் நோட்டுகள் 3,999. ஒரே ஒரு தொடரில் மட்டும் இவ்வளவு. லட்சாதிபதிகளுக்குப் பஞ்சமே இருக்காது.

இங்கேதான் ஏலம் தலைகீழாகிறது. விளம்பரம் போட்ட அரைமணியில் ‘கம்பெனி’யிலிருந்து போன் வரும். நோட்டுக்கு மூன்று லட்சம். முதலில் பதிவுக் கட்டணம், பிறகு ஜி.எஸ்.டி., பிறகு ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம். விற்பவரே கொடுத்துக்கொண்டிருக்கும் இந்த ஏலமுறையை விக்ரி முன்னறியவில்லை. தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம், இப்படிப்பட்ட விற்பனைகளில் தான் ஈடுபடுவதே இல்லை, யாருக்கும் அதிகாரம் தரவுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கையே விட்டது.

நிஜ ஏலத்தின் உச்சாணிக் கிளையிலும் இரண்டாமவருக்குத் தட்டுப்பாடுதான். உலகில் ஒன்றே ஒன்று எனப்படும் 1856-ன் பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் ஸ்டாம்பை 2014-ல் 94.8 லட்சம் டாலருக்கு வாங்கியவரால் 2021-ல் 83 லட்சத்துக்குத்தான் விற்க முடிந்தது. ஒற்றை ஸ்டாம்புக்கே இரண்டாமவர் சோர்ந்துபோகிறார்.

ஆய்வின் முடிவு: ஆல்பத்தை உள்ளூர் ஸ்டாம்பு சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோனால் இரண்டாமவரை நேரில் பார்க்கலாம், அவரும் விற்கத்தான் வந்திருப்பார் என்றாலும். டிராக்டர் போட்ட 5 ரூபாய் நோட்டோ இன்றும் செல்லும். கடையில் கொடுத்தால் 5 ரூபாய்க்குச் சாமான் தருவார்கள், பதிவுக் கட்டணம் கிடையாது.