நமது நிருபர்

தொண்ணூறுகளில் தாலுகா நிருபராக இருந்தபோது, ஆசிரியர் கையெழுத்தும் பத்திரிகை முத்திரையும் போட்ட ஓர் அட்டை என்னிடம் இருந்தது. அதை வெளியே எடுத்தது அபூர்வம். கலெக்டர் ஆபீஸ் பி.ஆர்.ஓ.வுக்கு என் முகம் தெரியும். ஸ்டேஷன் ரைட்டருக்கு என் சைக்கிளே தெரியும். புதிதாக வந்த அதிகாரி யாராவது சந்தேகப்பட்டால் அலுவலகத்துக்கு எஸ்.டி.டி. போடுவார். "நம்ம ரிப்போர்ட்டர்தான் சார்" என்று செய்தி ஆசிரியர் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் பஸ்ஸில் கவர் போட்டு அனுப்பிய செய்தி எதிலும் என் பெயர் வராது; 'நமது நிருபர்' என்றுதான் வரும். மணல் லாரிகளைப் பற்றி எழுதிய நாட்களில் அதுதான் என்னைக் காத்தது.

இப்போது அந்த எஸ்.டி.டி. விசாரணையைக் கணினி செய்கிறது. மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரு நிருபர் தன் பத்திரிகைத் தளத்தில் உள்ள தன் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், சர்வர் அங்கே போய், அந்தப் பக்கமும் இந்தக் கணக்கைச் சுட்டுகிறதா என்று பார்க்கிறது. சுட்டினால் அந்த முகவரி பச்சை நிறத்தில் தெரியும். ப்ளூஸ்கை என்ற இன்னொரு தளத்தில் பத்திரிகையின் டொமைனையே கணக்கின் பெயராக வைத்துக்கொள்ளலாம். ட்விட்டர் 2009-ல் கொண்டுவந்த நீலக் குறியைவிட இது நேர்மையான ஏற்பாடு. அந்தக் குறியை 2022 நவம்பரில் மாதம் 8 டாலருக்கு விற்றார்கள். உடனே எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிக் கணக்கு, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தது. சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் அதைப் படித்தவர்களை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

சரி, எங்கள் தாலுகாவில் இன்று செய்திக்காக ஓடிக்கொண்டிருக்கும் பெண் நிருபருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? பத்திரிகைத் தளத்தில் தலைநகர் நிருபர்களுக்குப் படத்தோடு பக்கம் உண்டு. அவள் எழுதுவது இன்றும் 'நமது நிருபர்' என்றுதான் வருகிறது. கல்குவாரியில் வசூல் செய்பவனோ பைக்கில் 'பிரஸ்' ஒட்டி, காசு கொடுத்து வாங்கிய குறியோடு திரிகிறான்.

"பேரைப் போட்டா வீட்டுக்கு வந்துடுவாங்க அண்ணே. போடலேன்னா நான் யாருன்னே எவனும் நம்ப மாட்டேங்கிறான்" என்றாள்.

அவளுக்கு வழி இருக்கிறது. மாஸ்டடானின் அந்தச் சோதனை யாருடைய சொந்தப் பெயரையும் கேட்பதில்லை; பத்திரிகையின் பக்கமும் கணக்கும் ஒன்றையொன்று சுட்டினால் போதும். புனைபெயரில் ஒரு பக்கம் திறந்து, உள்ளே இருப்பவர் யார் என்பதை ஆசிரியர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். செலவும் பெரிதில்லை. பெயர் போடாமல் உழைப்பை வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு பத்திரிகையும் தன் தாலுகா நிருபர்களுக்கு இதைச் செய்து கொடுத்தாக வேண்டும்.